மன்னார் எந்த நாட்டின் உறுப்பு? தீவு அரசும் உள்நாடுகளும்: ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

கிளாஸ்கோவில் குடியிருக்கும் மகனைப் பற்றிக் கேட்டாலும் ‘லண்டனில் இருக்கிறான்’ என்று பதில் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். கேட்பவரும் அதைத் திருத்துவதில்லை. ஆனால் ஸ்கொட்லாந்துக்காரரிடம் போய் ‘நீங்கள் இங்கிலாந்துதானே’ என்றால் அவர் முகம் மாறிவிடும். ஐக்கிய இராச்சியம் ஓர் அரசு. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் அதன் உறுப்பு நாடுகள். முதல் மூன்றும் பெரிய பிரித்தானியா என்ற ஒரே தீவில் இருக்க, நான்காவது வேறொரு தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. தீவின் எல்லை, அரசின் எல்லை, நாட்டின் எல்லை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை.

இலங்கையில் இந்த மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். அதனால் ‘இந்தத் தீவு அரசுக்குள் உறுப்பு நாடுகள் இருந்தனவா, இருந்தால் அவை என்ன ஆயின’ என்ற கேள்விக்கு இரண்டே பதில்கள் நிலைத்துவிட்டன. தீவு தொன்றுதொட்டு ஒரு குடைக்கீழ் இருந்தது, பிரிவுகள் எல்லாம் இடைக்கால விபத்துகள் என்பது ஒன்று. போர்த்துக்கேயர் வந்தபோது கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம் எனத் தனித்தனி இராச்சியங்கள் இருந்தன, அவற்றுள் யாழ்ப்பாணம் 1619இல் இழந்த இறைமை இன்னும் திரும்பவில்லை என்பது மற்றது. இரண்டு கதைகளிலும் மன்னார் ஒரு புள்ளி மட்டுமே. முன்னதில் அது அநுராதபுரத்தின் துறைமுகம். பின்னதில் யாழ்ப்பாண இராச்சியத்தின் தெற்கு வாசல்.

சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மன்னார்த் தீவிலிருந்தும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலப்பரப்பின் கரையிலிருந்தும் பார்க்கும்போது இரண்டு கதைகளுமே தடுமாறுகின்றன என்பது என் வாதம். உறுப்பு நாடு என்பது பழைய இராச்சியத்தின் வரைபடத்தில் கண்டெடுக்கப்படும் பொருளன்று. இணையும் வேளையிலோ அதற்கு வெகு பின்னரோ எழுதப்படும் ஓர் ஆவணம்தான் அதை ஆக்குகிறது. மன்னாருக்கு அப்படி ஓர் ஆவணம் ஒருபோதும் எழுதப்படவில்லை.

2. துறைமுகத்துக்கு உரியவர் யார்?

திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாந்தை, பாளி நூல்கள் மகாதித்த என்று குறிக்கும் துறைமுகம். தேவாரம் பாடும் மாதோட்டம். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே நடந்த அகழ்வில் சீன மட்பாண்டங்களும் மேற்காசியப் பொருட்களும் கிடைத்தன. அநுராதபுரத்திலிருந்து வரும் அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா, இந்தக் கரையிலேயே கடலில் விழுகிறது. துறையும் தலைநகரும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் இருந்ததால் மாந்தை அநுராதபுரத்தின் பொருளாதார உறுப்பாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் துறைமுகத்தில் யார் குடியிருந்தார், யார் கோயில் கட்டினார் என்பது தலைநகரை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல. சோழர் ஆட்சியில் மாதோட்டத்துக்கு இராஜராஜபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. தாழி குமரன் என்ற சோழ நாட்டவர் அங்கே இராஜராஜ ஈஸ்வரத்தைக் கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. அதே காலத்தில் ஈழம் முழுவதும் ‘மும்முடிச் சோழ மண்டலம்’ ஆயிற்று. இந்தத் தீவு ஒரு பேரரசின் உறுப்பாகப் பெயரிடப்பட்ட ஆவணச் சான்றுகளில் இது முக்கியமானது. இணைத்தவர் தஞ்சையிலிருந்து வந்தார் என்பதால் ஒரு குடைக் கதையும் இதை வசதியாக மறந்துவிடுகிறது, தனி இராச்சியக் கதையும் இதைப் பெருமையோடு மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

1344இல் வந்த பயணி இபின் பதூதா யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளப் பக்கத்தில் சந்திக்கிறார். முத்துக்குளிப்பு அவர் கையில் இருந்ததையும் எழுதுகிறார். அப்படியானால் அன்றைய வடபுல அதிகாரம் மன்னாரைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் சென்றிருக்கிறது. நூறு ஆண்டு கழித்து, 1450 அளவில், கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சார்பில் சப்புமல் குமாரயா யாழ்ப்பாணத்தையே கைப்பற்றுகிறார். ஏறக்குறைய பதினேழு ஆண்டுகளில் அந்த இணைப்பும் கலைந்தது. ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த ஆண்டில் கடிகாரத்தை நிறுத்தி எல்லை வரைகிறது. கரையோரத்து எல்லை முத்துப் பார்களையும் துறைகளையும் பிடித்தவர் கையோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

3. 1560க்கும் 1619க்கும் இடையில்

மன்னாரின் வரலாற்றில் மிகக் கவனமாக வாசிக்கவேண்டிய பகுதி இது. 1544இல் மன்னார் மக்கள் பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவானவரை அனுப்ப, பலர் திருமுழுக்குப் பெற்றனர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படை அனுப்பி அவர்களைக் கொன்றான். கொல்லப்பட்டோர் சுமார் 600 என்பது கத்தோலிக்க மூலங்கள் தரும் எண். இதை மத வரலாற்றில் மறைசாட்சிகளின் கதையாக வாசிக்கிறோம். அரசியல் வரலாற்றில் இது இறைமையின் சான்று. தன் குடிகள் வேறொரு மன்னனின் மதத்தை ஏற்றால் வரியும் விசுவாசமும் சேர்ந்தே கடல் கடந்து போகும் என்று நினைத்த மன்னன் ஒருவன் யாழ்ப்பாணத்தில் இருந்தான். அவனுடைய கை மன்னார்வரை எட்டியது.

பதினாறு ஆண்டுகளில் அந்தக் கை விலகிவிட்டது. 1560இல் கோவா அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தார். நல்லூரைக் கைப்பற்றினாலும் தக்கவைக்க முடியவில்லை. திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். புன்னைக்காயலிலிருந்து கத்தோலிக்கப் பரவர் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து குடியமர்த்தும் திட்டமும் அதே வேளையில் நடந்தது. யாழ்ப்பாண இராச்சியமோ அதற்குப் பிறகும் 59 ஆண்டுகள் உயிரோடிருந்தது. 1591இல் அந்திரே புர்த்தாடோ த மெந்தோன்சா மன்னாரைத் தளமாக்கித்தான் யாழ்ப்பாணத்தின்மேல் பாய்ந்து எதிர்மன்னசிங்கத்தைத் தமக்கு அடங்கிய அரசனாக்கினார். 1619இல் பிலிப் த ஒலிவேரா கடைசிச் சங்கிலியைச் சிறைபிடித்தபோது மன்னாரில் இரண்டு தலைமுறைகள் போர்த்துக்கேயக் குடிகளாகவே பிறந்து வளர்ந்திருந்தன.

எனவே ‘1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது, அதோடு மன்னாரும் போயிற்று’ என்று எழுதுவது பிழை. மன்னார் ஒரு நாட்டிலிருந்து கழன்று இன்னொரு பேரரசின் கடல்தளமாக மாறி, பழைய நாட்டை விழுங்க உதவிய இடம். மறுபக்கம் 1580இல் கோட்டை அரசன் தர்மபால தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக்கொடுத்த ஆவணத்தை முழுத் தீவின் கொடையாகப் போர்த்துக்கேயர் விரித்துக்கொண்டனர். தர்மபாலவின் கையில் அப்போது மன்னாரும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, கண்டியும் இல்லை. தன்னிடம் இல்லாததைத் தானம் செய்ய எந்தச் சட்டமும் இடம்தராது. இருந்தும் தீவு முழுவதற்கும் ஒரே உரிமையாளர் என்ற கற்பனைக்குக் கடிதத்தில் கிடைத்த முன்னுதாரணங்களில் அது ஒன்று.

ஒல்லாந்தர் 1658 பெப்ரவரியில் மன்னாரையும் அதே ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். மீண்டும் மன்னார் முதலில். அவர்கள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என்று வகுத்த ஆட்சிப் பிரிவுகளில் மன்னார் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தது. இராச்சியத்தின் பழைய எல்லையை மதித்ததைவிடக் கணக்கு வசதியே அதற்குக் காரணம் என்று எண்ண இடமுண்டு. மன்னார்க் கரையில் ஒல்லாந்தக் கம்பனி கண்ட முதற்பொருள் முத்து.

4. பார் யாருடையது?

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஊர்களுக்கு எதிரே கடலடியில் சிப்பி விளையும் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். பெரிய பார், செவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. காலில் கல்லைக் கட்டிக் கயிற்றோடு இறங்குவார் குளியாள். மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் நிற்பார். சுறா அணுகாதிருக்க மந்திரம் செபிக்கும் கடல்கட்டிக்கும் சம்பளம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு சிப்பிகளில் மூன்றில் இரு பங்கை எடுத்து ஏலம் விட்டது, மீதி குளியாட்களுக்கு. மரிச்சுக்கட்டி மணலில் ஓலைக்கூரை நகரம் ஒன்று முளைத்து, குளிப்பு முடிந்ததும் மறைந்துவிடும். கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1925இல் கடைசிக் குளிப்பு நடந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் குளிப்பில் மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் இருந்தன. குறிப்பிட்ட எண்ணிக்கைக் குளியாட்கள் அவர்கள் பேரில் இறங்குவார்கள், அந்த வருவாய் அவர்களுக்கு. பின்னர் ஆற்காட்டு நவாபும் அந்த உரிமையைக் கோரினார். கடலின் இரு கரைகளிலும் உள்ள அதிகாரங்கள் ஒரே பாரில் பங்கு வைத்திருந்தன என்றால், அங்கே ‘எல்லை’ என்பதைப் பிரித்துக் காட்டும் கோடாகக் கொள்ள முடியாது. பங்குகளின் பட்டியல் என்றே கொள்ளவேண்டும். நவீன அரசு இந்தப் பட்டியலைக் கிழித்து, எல்லைக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டது.

5. ஆவணத்தோடு இணைந்தவர், ஆவணமின்றி இணைக்கப்பட்டவர்

பிரித்தானியர் 1795 ஒக்டோபரில் மன்னாரை எடுத்தார்கள். சில ஆண்டுகள் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சி, பிறகு 1802இல் முடிக்குரிய குடியேற்றநாடு. கண்டியை 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையின் மூலம் எடுத்தார்கள். பிரதானிகள் கையொப்பமிட்டார்கள், பௌத்தத்துக்கும் கண்டி வழக்கங்களுக்கும் வாக்குறுதி எழுதப்பட்டது. தீவில் ‘இணைந்த நாடு’ என்ற தகுதிக்கு ஆவணச் சான்று காட்டக்கூடிய ஒரே பகுதி கண்டிதான். 1818 கிளர்ச்சி அடக்கப்பட்டதும் அந்த வாக்குறுதிகள் சுருக்கப்பட்டன.

1707இல் ஸ்கொட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது தன் சட்டத்தையும் திருச்சபையையும் உடன்படிக்கையில் எழுதிவைத்துக்கொண்டது. கண்டி ஸ்கொட்லாந்தாகத் தொடங்கி, மூன்றே ஆண்டுகளில் அந்த இடத்தை இழந்தது. யாழ்ப்பாணமும் மன்னாரும் வேல்ஸ் போல. 16ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் எந்த உடன்படிக்கையும் இல்லாமல் சட்டத்தால் விழுங்கப்பட்டது. ஆனால் அதே வேல்சுக்கு 1997 பொதுவாக்கெடுப்பின் பின் சட்டமன்றம் கிடைத்தது. இன்று அதை நாடு என்று அழைக்க எவரும் தயங்குவதில்லை. வென்று எடுக்கப்பட்டது என்பதால் உறுப்பு நாடாகும் தகுதி நிரந்தரமாகத் தொலைந்துவிடுவதில்லை. பழைய இராச்சியம் இருந்தது என்பதால் அது தானாக வந்துவிடுவதும் இல்லை. நம் விவாதங்களில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின்படி தீவு ஐந்து மாகாணங்களானது. வட மாகாணத்தில் யாழ்ப்பாணம், மன்னார், வன்னியோடு கண்டி இராச்சியத்தின் நுவரகலாவியவும் சேர்க்கப்பட்டது. இது தெரியாமல் நடந்த கலப்பு அன்று. கண்டியின் தனித்தன்மையை உடைப்பது நிருவாக ஒருமைப்பாட்டின் நோக்கங்களுள் ஒன்று. 1873இல் நுவரகலாவிய பிரிந்து வடமத்திய மாகாணமானது. இன்று ‘வட மாகாணம்’ என்று சொல்லும்போது பழைய இராச்சியத்தின் நிழலை அதில் பார்க்கிறவர்கள், நாற்பது ஆண்டுகள் அநுராதபுரமும் அதற்குள் இருந்ததை நினைப்பதில்லை. தொன்மையான ஒற்றுமை என்று மறுதரப்பார் போற்றும் ஒற்றையாட்சியும் அதே 1833இன் அலுவலகக் கடிதங்களில் பிறந்ததே.

6. கிளெகோர்ன் குறிப்பின் எடை

இரு நாடுகள் வாதத்துக்கு அடிக்கடி எடுக்கப்படும் சான்று, பிரித்தானிய அதிகாரி ஹியூ கிளெகோர்ன் 1799 ஜூனில் எழுதிய குறிப்பு. தீவை இரு வேறு இனங்கள் தொன்றுதொட்டுப் பங்கிட்டிருந்தன, வடக்கும் கிழக்கும் ‘மலபாருக்கு’ (தமிழருக்கு) உரியன என்பது அதன் சாரம். வரலாற்றாசிரியர் கே.எம். த சில்வா இதை மறுத்து எழுதியதும் தெரிந்ததே. அதே குறிப்பு சிங்களவரின் தோற்றத்தைச் சயாம் நாட்டோடு இணைக்கிறது. ஒரு வாக்கியத்தில் அவ்வளவு பெரிய பிழை செய்தவரின் அடுத்த வாக்கியத்தை நீதிமன்றச் சான்றுபோல நீட்டுவது சரியல்ல. எனினும் அதை முழுதாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. புதிதாக வந்த அதிகாரி ஒருவருக்கு, நிருவாகம் செய்யும்போது, இரு பகுதிகளின் சட்டமும் மொழியும் வேறு என்று தெரிந்திருக்கிறது. தோற்றக் கதைக்கு அது சான்றாகாது. 1799இன் நிருவாக அனுபவத்துக்குச் சான்றாகும்.

அந்த அனுபவத்தின் மிச்சம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களான தேசவழமையைப் பிரித்தானியர் 1806இல் சட்டமாக ஏற்றனர். கண்டிச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1951இன் விவாக, விவாகரத்துச் சட்டம். ஏனையோருக்கு ரோமன்-ஒல்லாந்து மரபில் வந்த பொதுச் சட்டம். ஒற்றையாட்சி என்று உரத்துச் சொல்லும் குடியரசு சொத்திலும் திருமணத்திலும் இறந்துபோன நாடுகளின் வழக்கங்களைத் தொடர்ந்து பரிபாலித்து வருகிறது. ஆனால் தேசவழமை யாருக்குப் பொருந்தும் என்று நீதிமன்றம் தேடும்போது இனத்தோடு நிரந்தர வதிவும் கேள்வியாகிறது. பேசாலைக் கத்தோலிக்கரும் எருக்கலம்பிட்டி முஸ்லிமும் ஒரே தீவின் ஊரவர். திருமணச் சட்டத்தில் அவர்கள் வெவ்வேறு நாட்டவர்போல நடத்தப்படுகிறார்கள்.

7. இருபத்தைந்தில் ஒன்று

1978 அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கைக் குடியரசை ஒற்றையாட்சி அரசு என்கிறது. அதைவிடக் கவனிக்கவேண்டியது 5ஆம் உறுப்புரை. குடியரசின் ஆள்புலம் 25 நிருவாக மாவட்டங்களும் ஆள்புலக் கடலும் என்கிறது அது. மாகாணங்கள் அங்கே இல்லை. எழுத்தின்படி பார்த்தால் குடியரசு எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடையாகும் 25 பெயர்களில் மன்னாரும் ஒன்று. வடக்கு அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் அந்த மாவட்டத்தை நிருவகிக்கும் அரசாங்க அதிபர் மத்திய அரசின் ஆள். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என்ற ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளும் அவ்வாறே. உறுப்பு என்ற பெயர் உண்டு, உறுப்பின் உரிமை இல்லை.

1987 நவம்பரில் வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. ஒன்பது நீதியரசர் கொண்ட அமர்வில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால்தான் அது ஒற்றையாட்சிக்கு முரணில்லை எனத் தீர்ப்பானது. ஒரு நீதியரசர் மாறி வாக்களித்திருந்தால் தீவின் அரசியல் வேறு பாதையில் போயிருக்கும். வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டதை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2013இல் அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்கு உட்படாது என்ற தீர்ப்பும் வந்தது. மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மக்கள் வீதிக்கு இறங்கியபோது அவர்கள் முறையிடவேண்டியிருந்தது கொழும்பிடம்தான். மாகாண சபை அப்போது தேர்தலே இல்லாமல் பல ஆண்டுகளாகக் கிடந்தது.

இதற்கு மாறாக, கரீபியனில் சென் கிற்ஸ், நேவிஸ் என்ற இரு தீவுகள் 1983இல் ஒரே கூட்டாட்சி அரசாக விடுதலை பெற்றன. சின்னத் தீவான நேவிசுக்குத் தனிச் சட்டமன்றமும், மூன்றில் இரு பங்கு வாக்கோடு பிரிந்துபோகும் உரிமையும் அரசியலமைப்பில் எழுதப்பட்டன. 1998இல் நேவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். பிரிவதற்கு ஆதரவு சுமார் 62 விழுக்காடு, மூன்றில் இரு பங்கு கிட்டவில்லை, அரசு தொடர்கிறது. நேவிசின் பரப்பு 93 சதுர கிலோமீட்டர். மன்னார்த் தீவைவிடச் சிறியது. அளவு சிறிது என்பதால் உரிமை சாத்தியமில்லை என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

8. உறுப்பு நாட்டுக்குள் யார்?

1927இல் கண்டித் தேசியச் சங்கம் டொனமூர் ஆணைக்குழுவிடம் கூட்டாட்சியைக் கோரியது: கண்டிக்கு ஒன்று, கரையோரச் சிங்களவருக்கு ஒன்று, வடக்கு–கிழக்குத் தமிழருக்கு ஒன்று. அதற்கு ஓராண்டு முன் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் கூட்டாட்சியை ஆதரித்து எழுதியிருந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கும்போது அந்த யோசனைக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இந்தத் திட்டங்களில் எதிலும் மன்னாரின் முஸ்லிம்களுக்குத் தனி இடம் இல்லை.

அந்த வெற்றிடத்தின் விலையை 1990 ஒக்டோபரில் பார்த்தோம். வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மதிப்பீடுகள் எழுபதாயிரத்துக்கு மேல் என்கின்றன. எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். இரு தசாப்தங்கள் கழித்துத் திரும்பியவர்களின் காணி எல்லைகளும் வாக்காளர் பதிவும் இன்றுவரை சிக்கல். ஓர் உறுப்பு நாடு தன் மக்கள் யார் என்பதைச் சட்டத்தில் எழுதாமல், தன் வரலாற்றை மட்டும் எழுதினால், இப்படியொரு வெளியேற்றத்தைத் தடுக்க அதனிடம் எதுவும் இருக்காது. தமிழ் அரசியல் எழுத்து இதை முழுமையாகப் பேசிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

வாடிகளின் பிரச்சினையும் இதோடு சேர்ந்தது. பருவக்காற்று மாறும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் மன்னார்க் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அவர்களில் பலர் கத்தோலிக்கர். பலருக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். ஆடியிலும் ஆவணியிலும் மடு மாதாவிடம் வருகிறவர்களும் அவர்களே. 1670களில் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டது என்று மரபு சொல்லும் அந்தச் சொரூபத்தின் முன் இரு மொழியிலும் செபம் நடக்கிறது. கரையில் வலை போடும் உரிமையில் வரும்போது அவர்களே ‘வெளியூரார்’ ஆகிறார்கள். எந்தக் கரைக்கு யார் அனுமதி கொடுப்பது, மாகாணமா மத்தியா, என்ற கேள்வி பழைய முத்துப் பாரின் பங்குப் பட்டியலைத்தான் நினைவூட்டுகிறது. அந்தப் பட்டியலில் எதிரிகளுக்கும் இடம் இருந்தது.

மன்னாரைச் சுற்றி அரசுகளுக்கிடையில் சட்ட வலுவோடு வரையப்பட்ட கோடு கடலில் மட்டுமே இருக்கிறது. 1921இல் கொழும்பில் பேசியும் உறுதியாகாமல் போனது. 1974 ஜூனில் பாக்கு நீரிணையிலும், 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் டில்லிக்கும் கொழும்புக்கும் இடையே ஒப்பந்தமாயிற்று. தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளுக்கு ஊடாக அது போகிறது. கையெழுத்திட்டவர்கள் இரு தலைநகரங்களின் பிரதமர்கள், செயலாளர்கள். பேசாலையும் தாழ்வுபாடும் இராமேஸ்வரமும் அந்த மேசையில் எந்தப் பெயரிலும் உட்காரவில்லை.